இரு கையொப்பங்கள்

அயல்நாட்டுக் கடையொன்றில் நிற்கும் பயணியைக் கடைக்காரர் எதை நம்பி ஏற்பது? முகம் புதிது, மொழி புரியாது, மடியிலுள்ள பணமும் வேற்று நாட்டுடையது. 1772-இல் இலண்டன் வங்கியாளர் ராபர்ட் ஹெரிஸ், ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் பணமாக மாற்றத்தக்க சீட்டுகளை வெளியிட்டார். 1874-இல் தாமஸ் குக் நிறுவனமும் அவ்வழியே சென்றது.

ஆயினும், செல்வர் பலர் தம் வங்கி தரும் உறுதிக் கடிதத்தையே நம்பினர். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத் தலைவர் ஜே. சி. ஃபார்கோ அத்தகைய கடிதத்தோடுதான் ஐரோப்பா சென்றார். பெருநகரங்களைத் தாண்டியதும் அதை மதிப்பாரில்லை. தலைவருக்கே இக்கதி என்றால் எளிய பயணியின் நிலை என்ன? சினத்தோடு திரும்பியவர், தம் அலுவலர் மார்செல்லஸ் பெர்ரியிடம் வழி காணுமாறு பணித்தார். 1891-இல் பிறந்தது பயணிகள் காசோலை.

பெர்ரி கண்ட வழி மிக எளியது. காசோலையை வாங்கும்போது ஒரு கையொப்பம். செலவிடும்போது, பெறுபவர் கண்ணெதிரே, அதே தாளில் மற்றொன்று. இரண்டும் ஒத்திருந்தால் பணம் கிடைக்கும். முகமறியா மனிதனுக்கு அவன் கையே சாட்சி. தாள் தொலைந்தால் நிறுவனம் ஈடு செய்யும். இதைத் தொண்டு என்று மயங்கிவிட வேண்டாம்! விற்ற நாள் முதல் செலவாகும் நாள் வரை அப்பணம் நிறுவனத்திடமே இருந்தது. வட்டியில்லாக் கடன் கொடுத்தவர், உண்மையில், பயணியே.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது 1914 ஆகஸ்டில். போர் மூண்டது. இலண்டனில் வங்கி விடுமுறை நீட்டிக்கப்பட்டது. பிற இடங்களிலும் வங்கிகள் பல கதவடைத்தன. ஐரோப்பாவில் சிக்கிய அமெரிக்கர் பல்லாயிரவர் கையில் கடிதமிருந்தும் காசின்றித் தவித்தனர். அந்நாள்களிலும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அலுவலகங்கள் தம் காசோலைகளுக்குப் பணம் கொடுத்தன.

1950-இல் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. பின்னர் தானியங்கிப் பண இயந்திரங்கள். காசோலை மெல்ல வழக்கொழிந்தது. தாமஸ் குக்கின் பழம்பெரும் பிரித்தானிய நிறுவனமும் 2019-இல் வீழ்ந்தது.

இத்தாலியில் லிரா வழங்கிய 1990-களில், உரோமையில் ஒரு கம்பளி மேலாடை வாங்கினேன். நான் கையொப்பமிடுவது தமிழில். முதியவரான கடைக்காரருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலும் கீழும் வளைவு வளைவாக ஒப்பிட்டார். குளிரில் என் கை நடுங்கியதால் இரண்டாவதில் ஒரு சுழி நீண்டுவிட்டது. அவர் விரல் அங்கே நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பின்பு ஒன்றும் பேசாமல், மீதி லிராக்களை எண்ணி மேசைமேல் வைத்தார்.