அன்னை விட்டுச் சென்ற செல்வம்

எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பேசுவோர் அவர்தம் நூல்களிலிருந்து தொடங்குவது வழக்கம். ஜே. ஆர். ஆர். டோல்கீனைப் பற்றி எழுதப் புகும் நாமோ அவருடைய அன்னையிடமிருந்தே தொடங்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள புளூம்ஃபொன்டெயின் நகரில் 1892-ஆம் ஆண்டு பிறந்த டோல்கீன், நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். இரு புதல்வர்களோடு இங்கிலாந்தில் வாழ்ந்த அன்னை மேபல், 1900-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். உறவினர் சினந்து பொருளுதவியை நிறுத்தினர். வறுமைக்கிடையே பிள்ளைகளுக்கு இலத்தீன் மொழியையும் விசுவாசத்தையும் ஒருசேர ஊட்டிய அவர், 1904-இல், தம் 34-ஆம் வயதில், நீரிழிவு நோயால் மறைந்தார். இன்சுலின் மருந்து கண்டறியப்படாத காலம் அது. தம் அன்னை விசுவாசத்திற்காக உயிர் ஈந்தவர் என்றே டோல்கீன் இறுதிவரை கருதினார்.

அநாதைகளான சிறுவர்களைப் பர்மிங்காம் ஆரட்டரி சபையின் அருள்தந்தை பிரான்சிஸ் மார்கன் காப்பாளராய் ஏற்று, தம் சொந்தப் பணத்தையும் ஈந்து வளர்த்தார். டோல்கீன் தம் மூத்த மகனுக்கு அவர் பெயரையும் சேர்த்துச் சூட்டினார். அம்மகன் பின்னாளில் குருவானார்.

முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தைக் கண்டு மீண்ட டோல்கீன், 1925 முதல் 1959 வரை ஆக்ஸ்போர்டில் பேராசிரியராய்ப் பணியாற்றினார். பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃப் பற்றி 1936-இல் அவர் ஆற்றிய உரை, அதனை வரலாற்றுச் சான்றாக மட்டுமன்றிக் கவிதையாகவும் மதிக்கக் கற்பித்தது. 1966-இல் வெளிவந்த ஆங்கில எருசலேம் விவிலியத்தில் யோனா நூலின் மொழிபெயர்ப்பிலும் அவர் பங்குண்டு.

1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கதையில் ஆலயமோ திருப்பலியோ இல்லை. எனினும் அது அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பே என்று இயேசு சபை நண்பர் ஒருவருக்கு 1953-இல் அவர் எழுதினார். இதன் பொருள் யாது?

தீய மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கச் செல்லும் எளியவன் ஃபுரோடோ, இறுதி நொடியில் அதைத் துறக்க இயலாமல் தோற்கிறான். கொல்லப்படத் தக்கவன் எனப்பட்டும் இரக்கத்தால் உயிரோடு விடப்பட்ட கோலம், மோதிரத்தைப் பறித்து, அதனோடு நெருப்பில் வீழ்கிறான். உலகைக் காத்தது வீரமன்று. முன்னர் காட்டிய இரக்கம். அந்நாள் மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள்.

மேபல் தம் மகனின் புகழைக் காணவில்லை. விதைத்தவர் அறுவடையைக் காணாதிருக்கலாம். நம் இல்லங்களில் மாலைச் செபம் கற்பிக்கும் அன்னையரை நினைக்கையில், இவ்வுண்மை நமக்கும் ஆறுதலன்றோ!