80 நாள்களும் ஒரு வருகைப் பதிவேடும்

மகப்பேறு விடுப்பு வழக்கு என்றதும் ஆசிரியைகளும் வங்கி அலுவலர்களும் நினைவுக்கு வருகின்றனர். நாம் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்போ, சாலை போட்டுப் பள்ளம் தோண்டிய தினக்கூலிப் பெண்களுக்குக் கிடைத்தது. தில்லி மாநகராட்சியின் ‘மஸ்டர் ரோல்’ பெண் தொழிலாளர்கள் நிரந்தரப் பணியாளர் செய்த வேலையையே பல ஆண்டுகள் செய்தனர். மகப்பேறு விடுப்பு மட்டும் அவர்களுக்கு இல்லை என்றது நிர்வாகம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தினக்கூலிப் பெண்ணுக்கும் உரியதே என்று 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் விதிக்கும் தகுதி, பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வரம்பு நீடிக்கிறது. எளிய நிபந்தனைதான். ஆனால் அந்த 80 நாளைக் காட்டும் பதிவேடு முதலாளியிடம் இருக்கிறது. தூய்மைப் பணி இன்றும் சாதிவழியே தலித் பெண்கள் மீது சுமத்தப்படும் வேலை. அதில் ஒப்பந்ததாரர் மாறினால், அதே தெருவை அதே பெண் கூட்டினாலும் புதிய ஏட்டில் அவர் புதியவர். கருவுற்ற காலத்தில் பணிநீக்கம் செய்தாலும் பேறுகாலப் பயனை மறுக்கலாகாது என்கிறது சட்டம். “நாளையிலிருந்து வராதே” என்ற வாய்ச்சொல்லுக்கு ஆணை நகல் ஏது? ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேற்றுப் பயன் தொடரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் பெரிய வெற்றிதான். அவ்வழக்கைத் தொடுத்தவர் மருத்துவர், அவரிடம் பணி ஆணை இருந்தது.

இத்தகைய ஏய்ப்புக்கு ஒரு காரணம், செலவு யார் தலையில் என்பதில் உள்ளது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டு நலனுக்குரியது, ஆகவே அச்சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றார். பெண்ணுழைப்பால் பயனடையும் முதலாளியும் விலகி நிற்க முடியாது என்றார். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வராத பெண்களுக்கு, விடுப்புக்கால ஊதியம் முழுவதையும் இன்றும் முதலாளியே தர வேண்டும். கருவுற்ற பெண்ணை வெளியேற்றுவது அவருக்கு மிச்சமாகிறது.

எனவே வழக்குக்கான ஆயத்தம் கருவுற்ற நாளிலேயே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. விடுப்பு அறிவிப்பை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். மறுத்தால் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். வங்கியில் கூலி வரவான பக்கங்கள், வருங்கால வைப்பு நிதி எண், அடையாள அட்டை, தாய்சேய் நல அட்டை ஆகியவற்றின் நகல்கள் சங்கத்திடமும் ஒரு படி இருக்கட்டும். ஒப்பந்ததாரர் மாறும் மாதத்தில், பழைய வருகைப் பதிவேட்டின் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும் அவசியம்.