சட்டத்தில் ஒளிரும் அரக்கு

பிழைப்பை நாடி வேற்று மாநிலத்திற்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பத்தின் மூட்டை முடிச்சுகளுக்கிடையே, பழம்புடைவையில் பத்திரமாகச் சுற்றிய படம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது திருவேங்கடமுடையானின் படமாகவோ பழநியாண்டவரின் படமாகவோ இருக்கலாம். மறைந்த பாட்டனாரின் உருவப்படமாகவும் இருக்கலாம். புதுமனையில் பால் காய்ச்சும் முன்னரே அதற்குரிய ஆணி சுவரில் ஏறிவிடுகின்றது. படத்தை நாள்தோறும் வணங்குகின்றோம். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் நான்கு மரச் சட்டங்களைக் கண்ணெடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அச்சட்டத்தில் பொன்னென மின்னுவது பொன்தானா? பொன் அன்றெனில் வேறு எது? இவ்வினாவிற்கு விடை தேடிப் புறப்பட்டால், இத்தாலியப் பட்டறை ஒன்றில் தொடங்கும் வழி, நம் நாட்டுக் காடொன்றில் வந்து முடிகின்றது.

மரச் சட்டத்தின்மீது பொன் ஏற்றும் கலையை விரிவாக எழுதிவைத்த பழைய ஆசிரியர்களுள் ஒருவர் சென்னினோ சென்னினி என்னும் இத்தாலிய ஓவியர். ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய கைந்நூலில் இம்முறை படிப்படியாகக் கூறப்பட்டுள்ளது. முதலில் மரத்தின்மீது தோற்பசை பூசப்படும். பின்னர் அப்பசையில் குழைத்த வெண்சுதை பலமுறை பூசப்பெற்று, கண்ணாடி போல் வழவழப்பாகத் தேய்க்கப்படும். அதன்மேல் நுண்ணிய செங்களிமண் பூச்சு. அதனை முட்டை வெண்கரு கலந்த நீரால் நனைத்து, மூச்சுக் காற்றிற்கே பறந்துவிடக்கூடிய தங்க ரேக்கை மெல்லப் படிய வைப்பர். ஈரம் அடங்கியதும் வழவழப்பான கல்லாலோ நாய் முதலிய ஊனுண்ணி விலங்கின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவர். பொன்னுக்கு அடியிலுள்ள செம்மை மேலே சற்றுக் கசிந்து தோன்றுவதால்தான் அதற்கு அந்த இளவெயில் நிறம் வாய்க்கின்றது.

இக்கட்டுமானம் தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. தஞ்சாவூர்ச் சித்திரத்திலும் பலகை, அதன்மேல் துணி, துணியின்மேல் புளியங்கொட்டைப் பசையில் குழைத்த சுண்ணப்பொடி, அதற்கு மேல் தங்க ரேக்கு என்னும் வரிசையே அமைந்துள்ளது. அங்குப் பொன் படத்திற்குள் இருக்கின்றது; இங்குப் படத்தைச் சூழ்ந்து நிற்கின்றது. வேற்றுமை அவ்வளவே.

ஆயினும் தங்கம் எல்லோர் கைக்கும் எட்டுவதில்லை. எனவே இத்தாலியத் தொழிலாளர் ஓர் உபாயம் கண்டனர். தங்க ரேக்குக்குப் பதிலாக வெள்ளி ரேக்கை ஒட்டி, அதன்மேல் மஞ்சள் நிற மெருகெண்ணெயைப் பூசினர். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இம்முறை அங்கே பெரிதும் வழங்கிற்று. குங்குமப்பூ, கரியபோளம் முதலியவற்றால் நிறமேற்றப்பட்ட அந்த மெருகில் சேர்ந்த பொருள்களுள் முக்கியமான ஒன்று அரக்கு. அது வெள்ளிக்குப் பொன்னிறம் தந்தது மட்டுமன்று. காற்றுப்பட்டு வெள்ளி கறுத்துப்போகாமல் கவசமாகவும் நின்றது. அரண்மனைச் சுவர்களிலும் ஆலயங்களிலும் பொன் என்று எண்ணி வியந்து பார்க்கப்பட்ட சட்டங்களுள் பல, உண்மையில் அரக்குப் பூசிய வெள்ளியே.

அந்த அரக்கு எங்கிருந்து சென்றது? நம் நாட்டிலிருந்தே. பாண்டவரை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையின் கதையை அறியாத தமிழர் இல்லை. அரக்கு எளிதில் தீப்பற்றும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அக்கதையே சான்று. அக்பர் காலத்து அயினி அக்பரி என்னும் நூல், மூங்கில் திரைகளுக்கு அரக்கு மெருகிடும் வழக்கத்தைக் குறிப்பிடுகின்றது. 1781-இல் ஜேம்ஸ் கெர் என்பவர் அரக்குப் பூச்சியைப் பற்றி இலண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். அப்பூச்சியின் அறிவியற் பெயரில் இன்றும் அவர் பெயர் நிலைத்திருக்கின்றது.

அரக்கு மரத்தின் பிசின் அன்று. மரச்சாற்றை உண்டு வாழும் மிகச் சிறிய பூச்சியொன்று, தன்னைக் காத்துக்கொள்ளத் தன்னைச் சுற்றிச் சுரக்கும் கூடு. புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கொம்புகளில் இலட்சக்கணக்கான பூச்சிகள் நெருங்கி அமர்ந்து, கொம்பு முழுவதையும் செந்நிறப் பொருக்கால் மூடிவிடுகின்றன. சென்னைப் புரசைவாக்கத்திற்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் அதே புரசமரந்தான், சோட்டா நாகபுரிக் காடுகளில் அரக்கு விளையும் வயலாக நிற்கின்றது. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் வாழும் நம்மவர், இளவேனிலில் இலையின்றித் தீப்பிழம்பெனப் பூத்து நிற்கும் அம்மரத்தைக் கண்டிருப்பர். முண்டா, ஒராவோன் முதலிய பழங்குடி மக்கள் அக்கொம்புகளை வெட்டி, பொருக்கைச் சுரண்டி எடுக்கின்றனர். அதுவே நம் நாட்டு மருந்துக் கடைகளில் கொம்பரக்கு எனப்படுவது.

கொம்பரக்கு மெருகாகும் வழி கடினமானது. அதனை இடித்துப் பலமுறை கழுவினால் செஞ்சாயம் நீங்கிவிடும். எஞ்சிய மணிகளை நீண்ட துணிப்பையில் நிரப்பிக் கரியடுப்பின் முன் காட்டியபடியே ஒருவர் பையை முறுக்குவார். உருகிய அரக்கு துணியின் வழியே கசிந்து வரும். அதனை மற்றொருவர் சூடு ஆறுவதற்குள் கைகளாலும் கால்களாலும் பற்றி, தாளினும் மெல்லிய தகடாக இழுத்து விரிப்பார். அடுப்பின் வெக்கையும் உருகிய அரக்கின் சூடும் உடலைத் தாக்க நாள் முழுவதும் நிகழும் வேலை அது. மிர்சாப்பூரிலும் புருலியா மாவட்டத்துப் பலராம்பூரிலும் இத்தொழில் செழித்திருந்தது. பின்னர் அத்தகட்டை நொறுக்கிய சில்லுகளே கல்கத்தாத் துறைமுகத்தின் வழியே உலகெங்கும் சென்றன.

தொடக்கத்தில் ஐரோப்பியர் பெரிதும் விரும்பியது அரக்கின் சாயத்தையே. 1856-இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தபின், அரக்குச் சாயத்தின் வாணிகம் படிப்படியாக வீழ்ந்தது. ஆனால் அதற்குள் அரக்கின் மற்றொரு பயன் ஓங்கிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு பாலிஷ் என்னும் மெருகு முறை பரவிற்று. அரக்குச் சில்லைச் சாராயச் சத்தில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்த சிறு பொட்டலத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் மெருகு அது. இசைத்தட்டுகளும் அரக்குக் கலவையால் ஆயின. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் இசைத்தட்டு ஆலையொன்று நிறுவப்பெற்றது. வானொலி கேட்டுப் பழகிய நமக்கு இச்செய்தி சிறப்பாக இனிக்கும்: சட்டத்தில் ஒளியாக இருந்த பொருளே தட்டில் ஒலியாகவும் இருந்தது.

1894-இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவியபின், தெய்வத் திருவுருவங்கள் அச்சுப் படங்களாக எளியவர் இல்லங்களையும் அடைந்தன. படம் பெருகியபோது சட்டமும் கண்ணாடியும் தேவைப்பட்டன. கோயிற் கடைவீதிகளில் படத்திற்குச் சட்டமிடும் பட்டறைகள் பெருகின. அத்தகைய பட்டறையில் பழைய முறையில் மெருகிடுபவர் வேலையைச் சிறிது கூர்ந்து நோக்குவோம். சட்டத்தின் மூலைகளைச் சாய்வாக அறுத்து, பசையிட்டுப் பொருத்துகின்றார். மரத்தின் நுண்துளைகளைச் சுண்ணப்பொடியால் அடைத்து உப்புத்தாளால் தேய்க்கின்றார். பிறகு அரக்கு மெருகு: ஒரு பூச்சு, காய்தல், தேய்த்தல், மறு பூச்சு. பொட்டலம் சட்டத்தில் ஒட்டாதிருக்க ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி. மழைக்காலத்தில் அவர் அவசரப்படுவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அரக்கின்மேல் வெண்புகை படர்ந்தாற்போல் மங்கிவிடும் என்பதை அவர் கை அறியும்.

இருபதாம் நூற்றாண்டில் செயற்கை மெருகுகள் வந்தன. அவை விரைவில் உலர்வன; நீரையும் சூட்டையும் தாங்குவன. இசைத்தட்டும் அரக்கைக் கைவிட்டது. அரக்கின் தரத்தை உயர்த்தவும் புதுப் பயன்களைக் காணவும் 1924-இல் ராஞ்சிக்கருகே நாம்கும் என்னுமிடத்தில் இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. பெயரும் பணியும் விரிந்து அந்நிறுவனம் இன்றும் நிலவுகின்றது. ஆயினும் விலை ஏறுவதும் இறங்குவதும் தொலைநாட்டுச் சந்தையின் கையில் இருந்தமையால், கொம்பு வெட்டும் காட்டு மக்கள் பன்முறை நலிவுற்றனர்.

அரக்கிற்கு ஒரு தனிப் பெருமை உண்டு. செயற்கை மெருகு பழுதுற்றால் சுரண்டி எறிவதன்றிப் பெரும்பாலும் வேறு வழியில்லை. அரக்கு மெருகோ, தன்னைக் கரைத்த அதே சாராயச் சத்தால் பெரும்பாலும் மீண்டும் இளகும். மேற்பூச்சு கீழ்ப்பூச்சோடு ஒன்றிவிடும். பாட்டன் காலத்துச் சட்டத்தைப் பேரன் காலத்திலும் புதுப்பிக்க முடிவது இக்குணத்தாலேயே.

இதை அறியாமையால் நம் இல்லங்களில் நேரும் இழப்பு சிறிதன்று. பண்டிகைக்கு வீட்டைத் துப்புரவு செய்கையில் பழைய பொன்சட்டத்தை ஈரத்துணியால் துடைக்கின்றோம். பசையின்மேல் நிற்கும் தங்க ரேக்கு நீர்பட்டதும் இளகித் துணியோடு வந்துவிடுகின்றது. சாராயச் சத்தால் துடைத்தாலோ அரக்கு கரைந்து, அடியிலுள்ள வெள்ளி வெளிப்பட்டுக் கறுக்கின்றது. மங்கியதை மறைக்கக் கடையில் விற்கும் பொன்வண்ணம் பூசினால், அதிலுள்ள செப்புக்கலவைப் பொடி சில ஆண்டுகளில் பழுப்பேறிப் பச்சை பூக்கின்றது. அதன் அடியில் உண்மையான பொன் புதைந்து விடுகின்றது. உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டுவது ஒன்றே நாம் செய்யத்தக்கது. பழுது மிகுந்தால், அரக்கு மெருகு அறிந்த தொழிலாளி நாம் வாழும் ஊரில் எவர் என்று வினவி அவரிடம் ஒப்படைத்தல் நலம்.

அவர் வங்காளியாக இருக்கலாம், மராத்தியராக இருக்கலாம், மொழி வேறாயினும் பொருள் ஒன்றே. புரசமரத்துப் பூச்சி கட்டிய கூட்டைக் காட்டு மக்கள் சேர்த்து, அடுப்பின் முன் வியர்த்தவர் தகடாக்கி, பட்டறைக்காரர் மெருகாக்கிய பின்னரே, நாம் கைகூப்பி நிற்கும் படத்தைச் சுற்றி அவ்வொளி அமைகின்றது. அடுத்த முறை விளக்கேற்றும்போது, சட்டத்தின்மீதும் ஒரு கணம் நம் பார்வை நிற்கட்டும்.