ஆட்டு மூளையும் 14 ஊசிகளும்: தடுப்பூசித் தயக்கத்தையும் விலங்காய்வு அறத்தையும் சேர்த்துப் படித்தல்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று பிள்ளைகளை மிரட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் ஓயவில்லை. அந்த ஊசியோ 2004ஆம் ஆண்டின் முடிவோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். நான்கைந்து தவணைகளில் முடிந்துவிடுகிறது. இருந்தும் ஊசி என்றதும் முகம் சுருங்குவதும், "கடித்த நாய் நன்றாகத்தானே இருக்கிறது, பத்து நாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதும் தொடர்கின்றன. பொதுச் சுகாதார அறிக்கைகள் இதை 'விழிப்புணர்வு இன்மை' என்ற தலைப்பின்கீழ் ஒரு வரியில் முடித்துவிடும். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஓர் ஆய்வகமும் ஆட்டுக் கொட்டிலும் உண்டு.

தடுப்பூசித் தயக்கம் பற்றிய சமூக அறிவியல் ஆய்வும் விலங்காய்வு அறம் பற்றிய ஆய்வும் தனித்தனித் துறைகளாகவே வளர்ந்துள்ளன. முன்னது பெற்றோரையும் நோயாளியையும் விசாரிக்கிறது. பின்னது ஆய்வகத்துக்குள் நுழைகிறது. பிரிட்டனின் பிரு ஹாப்சன்-வெஸ்ட் போல இரண்டிலும் எழுதியவர்கள் மிகச் சிலரே. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை நிற்காது என்பதே என் வாதம். ஊசிக்குப் பயந்த நோயாளிக்கும் ஊசிக்காகக் கொல்லப்பட்ட ஆட்டுக்கும் நேர்ந்தது ஒரே முடிவின் விளைவு. மாற்று வழி தெரிந்த பிறகும் மலிவான பழைய முறையையே ஏழைகளுக்கு வைத்துக்கொள்வது என்பதுதான் அந்த முடிவு.

இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900இல் கசவுலியில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவுக்கானது அமெரிக்கத் தொழிலதிபர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையின் துணையோடு 1907இல் குன்னூரில் அமைந்தது. தொடக்கத்தில் கடிபட்டவர்தான் மலையேறிப் போகவேண்டும். கூலிக்காரர் ஒருவர் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு ரயிலேறி நீலகிரிக்குப் போய் வாரக்கணக்கில் தங்குவது எளிதில்லை. 1911இல் கசவுலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி இந்த நிலையை மாற்றியது. பாஸ்டரின் முறையில் முயலின் முதுகுத்தண்டை உலர்த்திப் பயன்படுத்துவார்கள். செம்பிள் முறையில் கிருமி கார்பாலிக் அமிலத்தால் கொல்லப்பட்டிருக்கும் என்பதால், மருந்தைப் புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. நோயாளி மருந்தைத் தேடிப் போன காலம் போய், மருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தது. இதைச் சிறிய சாதனையாக நினைக்க முடியாது. இந்த ஊசி பல உயிர்களைக் காப்பாற்றியது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

அந்த மருந்து எப்படித் தயாரானது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். ஆட்டின் மண்டையோட்டில் துளையிட்டு, ஆய்வகத்தில் வளர்த்துப் பேணிய வைரஸை மூளைக்குள் செலுத்துவார்கள். சில நாட்களில் ஆடு தள்ளாடும், கால்கள் செயலிழந்து படுத்துவிடும். அந்தக் கட்டத்தில் அதைக் கொன்று மூளையை எடுத்து அரைத்துக் கரைசலாக்கி, ரசாயனத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்வார்கள். பின்னாளில் குன்னூரில் கார்பாலிக் அமிலத்துக்குப் பதிலாக பீட்டா புரோப்பியோலாக்டோன் பயன்பட்டது. இறுதியில் கிடைப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு மூளைத் திசு கலந்த கலங்கலான திரவம். ஒரு வேளைக்குச் செலுத்த வேண்டிய அளவு அதிகம்; கையின் தசை தாங்காது. அதனால்தான் வயிற்றுத் தோலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிக்கல் அந்த மூளைத் திசுவிலேயே இருந்தது. நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற பொருளும் ஊசியோடு உடலுக்குள் போகும். சிலருடைய உடல் அதை எதிர்க்கத் தொடங்கித் தன் நரம்புகளையே தாக்கும். கை கால் விழுந்துவிடும். சிலர் இறந்தும் போனார்கள். எத்தனை பேருக்கு ஒருவர் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. சில நூறு பேருக்கு ஒருவர் என்றும், சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றும் கணக்குகள் உண்டு. ஆட்டின் கால்கள் எந்தக் கொட்டிலில் செயலிழந்தனவோ அங்கிருந்து வந்த மருந்து சில மனிதர்களின் கால்களையும் செயலிழக்கச் செய்தது. இதை உருவகமாக எழுதவில்லை. இரண்டுக்கும் வழி வேறு. ஒன்று வைரஸால், இன்னொன்று எதிர்ப்புச் சக்தியின் பிறழ்வால். ஆனால் இரண்டுமே, மூளையைப் பட்டறையாக்கிய ஒரே தொழில்நுட்பத் தேர்வில் வேர்கொண்டவை.

ஊசியே ஆபத்தானது என்றபோது மருத்துவம் என்ன செய்தது? தயங்கியது. கடித்த எல்லா நாய்க்கும் வெறி இருக்காது. வெறி இல்லாத நாய் கடித்தவருக்கு ஊசி போட்டு அவருக்கு வாதம் வந்துவிட்டால் அந்தப் பழியை யார் ஏற்பது? ஆகவே நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்கச் சொல்வதும், லேசான கடிக்கு ஊசிகளைக் குறைப்பதும், நாய் உயிரோடிருந்தால் சிகிச்சையை நிறுத்துவதும் மருத்துவ முறையாகவே இருந்தன. இன்றைய அறிவுரை, ஊசியை உடனே தொடங்கிவிட்டு நாயையும் கவனியுங்கள் என்பது. கிராமத்துப் பெரியவர் "பத்து நாள் பார்ப்போம்" என்று சொல்லும்போது பேசுவது மூடநம்பிக்கை இல்லை. முந்தைய தலைமுறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த பாடம். பாடத்தை மாற்றியவர்கள் அந்த மாற்றத்தை மக்களிடம் விளக்கிச் சொல்ல மெனக்கெடவில்லை. தயக்கம் முதலில் மருத்துவமனைக்குள் பிறந்து பிறகு வீடுகளுக்குப் போனது என்ற இந்த வரிசை, தயக்கம் பற்றிய ஆய்வுகளில் அநேகமாகக் காணப்படுவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்த வரையறையையே பாருங்கள். தடுப்பூசிச் சேவை கிடைத்தும் அதை ஏற்கத் தாமதிப்பது அல்லது மறுப்பது தயக்கம் என்கிறது அது. நம்பிக்கைக் குறைவு, நோயைப் பற்றிய மெத்தனம், வசதிக் குறைவு என்று மூன்று காரணங்களையும் அடுக்குகிறது. 'கிடைத்தும்' என்று எளிதாகக் கடந்துபோகிற இடத்தில்தான் நம் கேள்வி தொடங்குகிறது. எந்த ஊசி, யாருக்குக் கிடைத்தது? மனித செல்களில் வளர்த்த புதிய தடுப்பூசி 1970களின் நடுவிலேயே ஈரானில் சோதிக்கப்பட்டது. வெறிபிடித்த ஓநாய்களாலும் நாய்களாலும் கடிபட்ட 45 பேருக்கு அது போடப்பட்டது, ஒருவரும் இறக்கவில்லை. 1980களிலிருந்தே மூளைத் திசு ஊசியைக் கைவிடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவந்தது. இலங்கை 1995இல் நிறுத்தியது. இந்தியாவில் காசுள்ளவர்கள் மருந்துக் கடையில் செல் வளர்ப்பு ஊசியை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார்கள். காசில்லாதவர்கள் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று சட்டையைத் தூக்கினார்கள். 14 நாள் தொடர்ந்து போவதென்றால் 14 நாள் கூலி போகும். பஸ் செலவு தனி. போதாக்குறைக்குப் பத்தியம் வேறு. பாதியில் நின்றுபோனவரை 'மெத்தனம்' என்ற கட்டத்தில் எழுதுவது நேர்மையான சமூக அறிவியல் ஆகாது.

மானுடவியலாளர்கள் மெலிசா லீச், ஜேம்ஸ் ஃபேர்ஹெட் இருவரும் 2007இல் வெளியிட்ட நூலில் தடுப்பூசி குறித்த பதற்றங்களை அறியாமையாகப் பார்க்காமல், உடல், குடும்பம், அரசு பற்றிய அனுபவங்களின் விளைவாகப் படித்தார்கள். சமூகவியலாளர் பிரையன் வின் இன்னும் முன்பே, செர்னோபில் விபத்துக்குப் பின் கதிர்வீச்சு படிந்த மேய்ச்சல் நிலங்களில் ஆடு வளர்த்த கம்பிரியாப் பகுதி விவசாயிகளை ஆராய்ந்து, அறிவியலாளர்மீது அவர்களுக்கு இருந்த ஐயம் பழைய அனுபவத்தில் ஊறியது என்று காட்டினார். (ஆடு அங்கேயும் வந்து நிற்பது தற்செயல்தான்.) இவர்களோடு எனக்கு ஓரிடத்தில் உடன்பாடில்லை. மக்களின் பதற்றத்தை மதிக்கும் இந்த மரபு, தடுப்பூசி எப்படித் தயாராகிறது என்ற பக்கம் போதிய அளவு போவதில்லை. ஊசி தயாராகி வந்த பிறகே இதன் கதை தொடங்குகிறது.

அந்தக் குறையை விலங்காய்வு பற்றிய சமூகவியல் நிரப்ப முடியும். மைக்கேல் லிஞ்ச் 1988இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஆய்வகத்தில் உயிருள்ள விலங்கு எவ்வாறு படிப்படியாகத் தரவாக, அட்டவணையாக மாறுகிறது என்பதைப் பின்தொடர்ந்தது. குன்னூரில் ஆடு தரவாகக்கூட மாறவில்லை, மூலப்பொருளாக மாறியது. இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டில் நெடுங்காலம் தடுமாறியது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 14ஆம் பிரிவு அறிவுக்காகவும் உயிர்காப்பதற்காகவும் நடக்கும் பரிசோதனைகளைக் குற்றமில்லை என்று விலக்கியது; கண்காணிக்க ஒரு குழு அமைக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. அந்தக் குழுவுக்கு உயிர் வந்தது 1998 விதிகளுக்குப் பிறகுதான். மருந்து உற்பத்திக்காக விலங்கைப் பயன்படுத்துவதும் பரிசோதனையில் அடங்கும் என்பது பின்வந்த விதிகளின் வரையறையில்தான் தெளிவானது. அதுவரை, ஆண்டுக்காண்டு கொல்லப்பட்ட ஆடுகள் அறக் கணக்கில் இறைச்சிக்கும் ஆய்வுக்கும் நடுவே ஓர் இருட்டில் இருந்தன.

இரண்டு எதிர்ப்புகளையும் ஒன்றாகக் கட்டியவர்கள் முன்பும் இருந்தார்கள். விக்டோரியா கால இங்கிலாந்தில் ஃபிரான்சஸ் பவர் காப் வழிநடத்திய விலங்கறுப்பு எதிர்ப்பும், 1885இல் லெஸ்டரில் பெரும் ஊர்வலமாகத் திரண்ட கட்டாய அம்மைக்குத்து எதிர்ப்பும் ஒரே வீதிகளில் நடந்தவை. ஆதரவாளர்கள் பலர் இரண்டுக்கும் பொது. காந்தியும் இந்த மரபில் வருகிறவர். 1913இல் எழுதிய உடல்நலக் கட்டுரைகளில் அம்மைக்குத்தை அருவருப்பான முறை என்று கண்டித்தார். பசுவுக்கு இழைக்கப்படும் துன்பமும் அவருடைய காரணங்களில் ஒன்று. உயிர்வதையைக் கணக்கில் சேர்க்கச் சொன்னது சரி. ஆனால் வதை இருக்கிறது என்பதால் மருந்து வேலை செய்யாது என்று அவர் போட்ட முடிச்சு தவறு. அறக்கேள்வியும் பலன் பற்றிய கேள்வியும் தனித்தனியே விடை காணவேண்டியவை. இன்றைய தடுப்பூசி எதிர்ப்பாளர்களிடமும் அந்த முடிச்சு அவிழவில்லை. எதிர்முனையில் தடுப்பூசி ஆதரவாளர்களும் அதே முடிச்சைத் தலைகீழாகப் போடுகிறார்கள்: மருந்து வேலை செய்கிறது, ஆகவே விலங்கைப் பற்றிக் கேட்காதே.

இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. விலங்குகளைப் பற்றிப் பேசினால் தயங்குகிறவர்களுக்கு இன்னொரு காரணத்தை நாமே எடுத்துக்கொடுத்ததாகிவிடும் என்பது அது. 2021 ஜூனில் நடந்ததை வைத்து இதைச் சோதிக்கலாம். கோவிட் தடுப்பூசியான கோவாக்சினில் கன்றுக்குட்டியின் சீரம் இருக்கிறது என்ற செய்தி, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த ஒரு பதிலிலிருந்து கிளம்பிச் சமூக ஊடகங்களில் பற்றிக்கொண்டது. மத்திய சுகாதார அமைச்சகம் ஜூன் 16இல் விளக்கம் கொடுத்தது: வீரோ செல்களை வளர்க்க மட்டுமே சீரம் பயன்படுகிறது, பிறகு கழுவி நீக்கப்படுகிறது, இறுதி மருந்தில் அது இல்லை. விளக்கம் உண்மைதான். வீரோ செல் என்பதே ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானில் பிரித்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டுவரும் செல் வரிசை. இன்றைய வெறிநாய்க்கடி ஊசிகள் பலவும் அதில் உருவாகின்றவை. கோவாக்சினுக்காக 20 ரீசஸ் குரங்குகளைத் தேடிப் பிடித்த கதையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அப்போதைய தலைவர் பல்ராம் பார்கவா பின்னர் தன் நூலில் பெருமையோடு எழுதினார். ஆக, ரகசியம் என்று ஒன்றும் இல்லை. அரசே முன்வந்து சொல்லியிருந்தால் சாதாரணத் தகவலாகப் போயிருக்கும். அடுத்தவர் தோண்டி எடுத்ததால் அம்பலப்படுத்தல் ஆகிவிட்டது. சொல்லாமல் விட்டது தயக்கத்தைத் தடுக்கவில்லை, தயக்கத்துக்கு நேரம் பார்த்துக் கொடுத்தது என்றே இந்த நிகழ்வை நான் வாசிக்கிறேன்.

வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் விளம்பரம் செய்யும் ஆபத்தும் இருக்கிறது. பிரிட்டனில் 2014 முதல் ஆய்வு நிறுவனங்கள் ஒரு வெளிப்படைத்தன்மை உடன்படிக்கையில் கையெழுத்திட்டு வருகின்றன. எதைக் காட்டுவது என்பதை அந்த நிறுவனங்களே தீர்மானிக்கும்வரை அது பாதி வெளிச்சம்தான். குன்னூர் ஊசியை ஒழித்ததும் விளம்பரம் இல்லை. பக்கவிளைவுப் பதிவுகள், விலங்குநல அமைப்புகளின் எதிர்ப்பு, செல் வளர்ப்பு ஊசியின் பரவல் எல்லாம் சேர்ந்து நெருக்கியபோது பொருளே மாறியது. குன்னூரிலேயே வீரோ செல் ஊசி தயாரானது. 2006இல் தோலுக்குள் சிறிதளவே போடும் முறைக்கு அனுமதி கிடைத்ததும், விலையுயர்ந்த புதிய ஊசி அரசு மருத்துவமனைக்கும் கட்டுப்படியானது. ஆடும் தப்பியது, நோயாளியின் நரம்பும் தப்பியது. இந்த இரண்டு நன்மைகளும் ஒரே மாற்றத்தால் வந்தவை; ஆனால் அவற்றைத் தயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் விலங்கு அறத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் தத்தம் வெற்றியாக மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்கான இடம் விலங்காய்வு விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்தின் விலங்கு அறக்குழுவிலும் அறிவியலாளர் அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவர் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அவர் யாருக்காகப் பேசுகிறார், கூட்டத்தில் என்ன கேட்டார் என்பது வெளியே தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை, விலங்காய்வுத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் எளிய மொழியில் ஒரு சுருக்கத்தை வெளியிடச் சொல்கிறது: எத்தனை விலங்குகள், என்ன துன்பம், ஏன் மாற்றுவழி இல்லை. மருந்துப் பரிசோதனைக்கு விலங்கல்லாத முறைகளையும் ஏற்கும் வகையில் இந்திய விதிகள் 2023இல் திருத்தப்பட்டுவிட்ட நிலையில், பொதுப் பணத்தில் உருவாகும் தடுப்பூசிகளுக்காவது அப்படியொரு சுருக்கத்தைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் கட்டாயமாக்கலாம். ஊசியின் பக்கவிளைவுகளைச் சொல்லும் அதே தாளில் அது அச்சாக வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தின் செவிலியரிடம் அந்தத் தாள் இருக்க வேண்டும்.