வலியோடு காத்திருந்தோர்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் காலை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை அரங்கில், ஒருவருடைய கழுத்திலிருந்த கட்டியை அறுவை மருத்துவர் வாரன் அகற்றினார். அதற்கு முன் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் அந்நோயாளியை ஈதர் ஆவியை முகரச் செய்திருந்தார். நோயாளி அலறவில்லை, அவரைப் பிடித்து அழுத்த ஆட்களும் தேவைப்படவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் இச்செய்தி இலண்டனை எட்டியது. வலியை வென்றுவிட்டோம் என்று ஏடுகள் ஆர்ப்பரித்தன.

வெல்லப்பட்டது கத்தியின் வலி மட்டுமே. காயம் ஆறிய பின்னும் ஆறாத வலி, காரணம் புலப்படாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் குடியிருக்கும் வலி, அந்த வெற்றிச் செய்தியில் இடம்பெறவில்லை. நெருப்பைத் தொட்ட கையை வெடுக்கென இழுக்கச் செய்யும் வலி நமக்குக் காவல்காரன். அந்தக் காவல்காரன் வேலை முடிந்த பிறகும் இரவும் பகலும் கூவிக்கொண்டே இருந்தால் அவனை யாரிடம் கொண்டுபோய் முறையிடுவது? முறையிட ஓர் இடம் ஏற்படுவதற்கு இன்னும் நூறாண்டு சென்றது. இடம் ஏற்பட்ட பின்னும், அதன் வாயிலில் நீண்ட வரிசை நின்றது. அந்த இரண்டு காத்திருப்புகளையும் பற்றியதே இக்கட்டுரை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல், ஃபிலடெல்ஃபியா நகரில் டர்னர்ஸ் லேன் என்னுமிடத்தில் நரம்புக் காயம் பட்ட வீரர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை இயங்கியது. அங்குப் பணியாற்றிய வியர் மிட்ச்செல், குண்டடி பட்ட புண் மூடிய பிறகும் கையிலோ காலிலோ தீப்பற்றியதுபோல் எரிகிறதென்று கதறிய வீரர்களைக் கண்டார். தண்ணீர்ப் புட்டியும் ஈரப் பஞ்சும் எப்போதும் அவர்கள் கையில் இருந்தன. சிலர் காலணிக்குள்ளேயே நீரை ஊற்றிக்கொண்டார்கள். காகிதம் சலசலத்தாலும், பக்கத்தில் ஒருவர் காலடி அழுத்தி வைத்து நடந்தாலும் அவர்கள் துடித்தார்கள். போர்க்களத்தில் அஞ்சாதவர்களைக் கோழைகள் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. ஆகவேதான் மிட்ச்செல் அவர்களை நம்பினார் போலும்! அவ்வலிக்கு அவர் ஒரு தனிப் பெயரே சூட்டினார். அதே வலி ஓர் ஏழைத் தையற்காரிக்கு வந்திருந்தால் எத்தனை மருத்துவர்கள் நம்பியிருப்பார்கள் என்ற ஐயம் நமக்கு எழாமல் இல்லை.

பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தொதே வேறொரு வகையில் இவ்வரலாற்றுக்குச் சாட்சி. 1840இல் நீம் நகரில் பிறந்தவர். தம் காற்றாலையிலிருந்து எழுதிய கடிதங்களாக அமைந்த கதைகளால் பெயர் பெற்றவர். இளமையில் தொற்றிய மேகநோய் பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய முதுகுத்தண்டு வடத்தைத் தாக்கியது. கால்களில் கத்தி பாய்வது போன்ற வலி. நடை தள்ளாடியது. அன்று ஐரோப்பாவில் நரம்பு நோய்களுக்கு ழான் மார்ட்டின் ஷார்கோவை விஞ்சிய சிறப்பு மருத்துவர் இல்லை. பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அவர் நடத்திய விளக்கவுரைகளைக் கேட்கப் பல நாட்டினரும் கூடினர். அத்தகைய மருத்துவர் தொதேயின் குடும்பத்துக்கு அறிமுகமானவராகவும் இருந்தார். மற்றவர்களைப் போல் அவர் வாயிலில் காத்துக்கிடக்கும் நிலை தொதேக்கு இல்லை. எனினும் 1885இல் ஷார்கோ சொன்ன தீர்ப்பு, இந்நோய் தீராது என்பதே.

தீராது என்றபின் என்ன செய்வது? அக்காலத்தில் புதிதாகப் பரவிய ஒரு சிகிச்சையின்படி தொதேயின் தாடைக்கும் அக்குளுக்கும் கீழே வார்களைப் பூட்டி, கால் தரையில் படாதவாறு அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். முதுகுத்தண்டை நீட்டினால் வலி குறையும் என்பது கருத்து. சில முறை அதற்கு உடன்பட்டார். துன்பம் மிகுந்ததே பயன். மார்ஃபின் ஊசியும் துயில் மருந்தும் அவருக்கு அன்றாடமாயின. ஆண்டுதோறும் தென் பிரான்சிலுள்ள லமாலூ வெந்நீர் ஊற்றுக்குச் சென்று, தம்மைப் போன்ற நோயாளிகளோடு நீராடினார். அங்கே தம் நோயை ஒத்த நோயுடைய ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, குறிகளை ஒப்பிட்டுப் பேசுவதில் அவர் கண்ட ஆறுதல் வேறு எதிலும் கிட்டவில்லை என்று தோன்றுகிறது. உடனிருப்போர் நாளடைவில் அவ்வலிக்குப் பழகிவிடுகின்றனர். நோயாளிக்கோ அது பழகுவதில்லை. இதை அறிந்ததால்தான் வீட்டாரிடம் முறையிடுவதைக் குறைத்துக்கொண்டு, குறிப்பேட்டில் எழுதினார். 1897இல் அவர் மறைந்தார். அக்குறிப்புகள், புரொவான்சு மொழியில் வலியைக் குறிக்கும் ‘லா தூலூ’ என்ற தலைப்பில், 1930இல் வெளிவந்தன. அந்த நூற்றாண்டின் தலைசிறந்த நரம்பு மருத்துவரைக் கண்டுவிட்டவர், இனிக் காண ஒருவரும் இல்லாமல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். நோய்க்கு மருத்துவர் இருந்தார், வலிக்கு இல்லை.

முதல் உலகப் போரில் காயமுற்றோரைக் கவனித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ் இக்குறையை வெளிப்படையாகச் சுட்டினார். 1937இல் வந்த தம் நூலில், நாட்பட்ட வலி உடலின் தற்காப்பு அன்று, அதுவே ஒரு நோய் என்று வாதிட்டார். வலி நன்மைக்கே என்று நோயாளியிடம் எளிதாகச் சொல்லிவிடும் பழக்கத்தை அவர் கடுமையாகச் சாடினார்.

இவ்விடத்தில் நம் வாசகர்களுக்கு நெருங்கிய ஒரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். வலியைத் தணிக்கத் தேடுவது விசுவாசக் குறைவோ என்ற தயக்கம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. இத்தாலிய மயக்க மருந்து வல்லுநர்கள் இதே பொருள் பற்றி மூன்று வினாக்களைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவர்களின் முன் வைத்தனர். 1957 பிப்ரவரி 24ஆம் நாள் அவர் விடை பகர்ந்தார். துன்பத்தை விரும்பி ஏற்பது ஒருவருக்கு ஆன்மிக வளர்ச்சிக்கு உதவலாம். ஆனால் வலியைத் தணிக்கும் மருந்தை மறுக்கவேண்டும் என்ற பொதுக் கடமை கிறிஸ்தவருக்கு இல்லை என்பது அதன் சாரம். இறக்கும் நிலையில் உள்ளவருக்கு, வேறு வழி இல்லாதபோது, உணர்வை மங்கச் செய்யும் வலியகற்றிகளைக் கொடுப்பதையும் சில நிபந்தனைகளோடு அவர் ஏற்றார். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அவ்வழியே செல்கிறது. படுக்கையருகே நின்று ‘இதுவும் சிலுவையே, பொறுத்துக்கொள்’ என்று உபதேசிப்போர் இந்த 1957ஆம் ஆண்டு உரையை ஒருமுறையாவது வாசித்திருக்கலாம். உபதேசிப்பவருக்கு வலிப்பதில்லை அல்லவா?

வலிக்கென ஒரு மருத்துவரை உண்டாக்கிய பெருமை பெரும்பாலும் ஜான் பொனிக்கா என்பவரைச் சாரும். 1917இல் சிசிலியை அடுத்த ஃபிலிக்குடி என்னும் சிறு தீவில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் வந்து சேர்ந்தவர். மருத்துவப் படிப்புக்குப் பணம் வேண்டி முகமூடி அணிந்து மற்போர் புரிந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இருபத்தேழு வயதில், வாஷிங்டன் மாநிலத்தின் மேடிகன் இராணுவ மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. நரம்பு சிதைந்தும் உறுப்பிழந்தும் வந்த வீரர்களின் வலிக்கு நூல்களில் விடை தேடினார், கிடைக்கவில்லை. ஒவ்வொருவரையும் நரம்பு மருத்துவர், எலும்பு மருத்துவர், மனநல மருத்துவர் என்று தனித்தனியே அனுப்பிப் பார்த்தார். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை மட்டும் கண்டார்கள். நோயாளி அறை அறையாக அலைந்ததே மிச்சம். இவர்கள் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேசவேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வெண்ணமே அவர் செய்த புரட்சி எனலாம்.

ஏறத்தாழ 1,500 பக்கங்கள் கொண்ட அவருடைய வலி மருத்துவ நூல் 1953இல் வெளிவந்தது. பின்னர் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல துறையினர் இணைந்து செயல்படும் வலி மருத்துவ மையத்தை நிறுவினார். 1973இல் உலகின் பல நாட்டு ஆய்வாளர்களைச் சியாட்டிலுக்கு அருகே கூட்டினார்; உலக வலி ஆய்வுச் சங்கம் அதிலிருந்து தோன்றியது. மற்போரில் பட்ட காயங்களால் தோளிலும் இடுப்பிலும் தாமே வாழ்நாள் முழுதும் வலியைச் சுமந்தவர் அவர் என்பதை அறியும்போது, இத்தனை உழைப்புக்கும் காரணம் ஓரளவு விளங்குகிறது. 1994இல் காலமானார்.

அக்காலத்தில் ஆரிகன் மாநிலத்திலும் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் ஒரு வலி மருத்துவ மையம் நடத்திவந்தார். கனடா நாட்டு மாண்ட்ரியலைச் சேர்ந்த இளம் உளவியலாளர் ரொனால்டு மெல்சாக் 1950களில் அங்குப் பயில வந்தார். நீரிழிவால் காலை இழந்த முதிய பெண்மணி ஒருவர், இல்லாத காலில் எழும் வலியை அவரிடம் விவரித்தார். எரிகிறது, குத்துகிறது, நசுக்குகிறது என அவர் பயன்படுத்திய சொற்களை மெல்சாக் எழுதத் தொடங்கினார். பிற நோயாளிகளின் சொற்களும் சேர்ந்தன. அச்சேகரிப்பே 1975இல், 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்த மெக்கில் வலி வினாப்பட்டியலாக உருவெடுத்தது. இதற்கிடையே, 1965இல், பேட்ரிக் வால் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட வாயிற்கதவுக் கொள்கை, தண்டுவடத்தில் வலிச் செய்தியைத் திறந்துவிடவும் அடைக்கவும் வல்ல ஓர் அமைப்பு உண்டென்றும், மனத்தின் நிலையும் அதை இயக்கவல்லது என்றும் கூறியது. அதன் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. ஆயினும், காயம் தெரியவில்லை, ஆகவே வலி பொய் என்று சொல்ல அதன்பின் அறிவியலில் இடமில்லாமல் போயிற்று.

இனி இரண்டாம் காத்திருப்பு. வலி மருத்துவர்கள் தோன்றினர், மையங்கள் பெருகின, அவற்றின் வாயிலில் வரிசையும் வளர்ந்தது. மெல்சாக்கின் தாயகமான கனடாவிலேயே இதைத் தெளிவாகக் காணலாம். அந்நாட்டில் மருத்துவச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. குடும்ப மருத்துவர் கடிதம் தந்தாலே சிறப்பு மருத்துவரைக் காண இயலும். 2004 செப்டம்பரில் நடுவண் அரசும் மாநில முதல்வர்களும் கூடி, காத்திருப்பு நேரத்தைக் குறைக்க ஐந்து துறைகளைத் தேர்ந்தனர். புற்றுநோய், இதயநோய், உடல் உட்படமெடுப்பு, மூட்டு மாற்று, கண்பார்வை மீட்பு ஆகியவை அவை. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்கு 26 வாரம் என்ற எல்லையும் மறு ஆண்டு வகுக்கப்பட்டது. நாட்பட்ட வலி அப்பட்டியலில் இல்லை. வலியால் ஒருவர் உடனே சாவதில்லை என்பதே காரணமாய் இருந்திருக்குமோ என்னவோ.

2005, 2006ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் பன்துறை வலி மையங்களைக் கணக்கெடுத்தபோது, அரசு நிதியில் இயங்கியவற்றில் முதற்சந்திப்புக்கு இடைநிலை அளவாக ஆறு மாதம் ஆயிற்று. ஐந்தாண்டு வரை நீண்ட இடங்களும் இருந்தன. அதன்பின் 2008இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முன்பு எவரும் முறையாகக் கேளாத வினாவைக் கேட்டது: காத்திருக்கும் அந்த மாதங்களில் நோயாளிக்கு என்ன நேர்கிறது? பரிந்துரைக் கடிதம் எழுதப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர்களுடைய வாழ்வுத்தரமும் மனநிலையும் கணிசமாகச் சீர்குலைகின்றன என்பது விடை. சில ஆய்வுகளில் ஐந்து வாரங்களிலேயே அச்சரிவு காணப்பட்டது. ஆகவே ஆறு மாதக் காத்திருப்பை மருத்துவ நோக்கில் ஏற்க இயலாது என்று ஆய்வாளர் முடிவுசெய்தனர்.

இதை வெறும் கணக்காகப் பார்க்கவேண்டாம். காத்திருப்பு என்பது அலுவலகத்தாருக்கு நாட்காட்டியில் ஒரு வெற்றிடம். வலியுடையவருக்கோ ஒவ்வொரு நாளும் நடந்து கடக்கவேண்டிய தொலைவு. உறக்கம் குறைகிறது, உறக்கம் குறைந்த உடலில் வலி கூடுகிறது. அசைந்தால் வலிக்குமென்று அசையாதிருக்கிறார், தசை தளர்கிறது. விடுப்பு தீர்ந்து வேலை போகிறது. ‘இன்னுமா சரியாகவில்லை?’ என்ற கேள்விக்கு அஞ்சி உறவினர் வீட்டுக்குச் செல்வதும் நின்றுபோகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் மருத்துவர் பலரிடம் அலைந்து உடைமையெல்லாம் செலவழித்த பெண்ணைப் பற்றி மாற்கு நற்செய்தியாளர் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்து விடுகிறார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை யார் எழுதுவது?

கனடா அரசு 2019இல் வலிக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2021இல் அக்குழு நாடு முழுமைக்குமான செயல்திட்டத்தை அளித்தது. வலியோடு வாழ்வோரும் அக்குழுவில் உறுப்பினராய் அமர்ந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது, நாட்பட்ட வலி தனக்கென ஒரு குறியீட்டைப் பெற்றது. லெரிஷ் வாதிட்டு எண்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

குறியீடு வந்ததால் வரிசை குறைந்துவிடவில்லை. வரிசையில் நிற்பவர்களை அதுவரை எப்படித் தாங்குவது என்ற கேள்விக்கு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் சாண்ட்ரா லெஃபோர்ட் என்ற செவிலியர் பேராசிரியர் தம் குழுவினரோடு ஒரு முயற்சி செய்திருந்தார். நாட்பட்ட வலியுள்ள 110 பேரை அவர் ஆய்வில் சேர்த்தார். ஒரு பகுதியினர் சிறு குழுக்களாகக் கூடி, வலியின் இயல்பைப் பற்றியும், உழைப்பையும் ஓய்வையும் பகிர்ந்து நாளை வகுத்துக்கொள்வது பற்றியும், மருத்துவரிடம் தம் நிலையை எடுத்துரைப்பது பற்றியும் கற்றனர். மறு பகுதியினர் மூன்று மாதம் வெறுமனே காத்திருந்தனர். 1998இல் முடிவுகள் வெளியாயின. கூடிக் கற்றவர்களின் வலி முற்றிலும் அகலவில்லை, ஆனால் குறைந்தது. பிறரைச் சார்ந்திருப்பது குறைந்தது. ஊக்கமும் வாழ்வில் நிறைவும் கூடின. இதற்குப் பெரிய கருவிகள் எவையும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கூடம், சில நாற்காலிகள், வலியின் மொழி அறிந்த ஒரு செவிலியர், ‘எனக்கும் அப்படித்தான்’ என்று சொல்லும் பத்துப் பேர்.