ஆய்வுத் தரமும் வல்லுநர் மதிப்பீடும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆய்வுக் கட்டுரை ஒன்று அச்சேறுவதற்கு முன்னர், அத்துறை வல்லார் அதனைப் படித்துத் தகுதி உரைப்பதே வல்லுநர் மதிப்பீடு ஆகும். ஆய்விதழ்கள் தோன்றிய நாள்தொட்டே இம்முறை இன்றுள்ள வடிவில் நிலவியது எனக் கருதுவாருளர். வரலாறு அவ்வாறு அமையவில்லை. இம்முறை உருப்பெற்ற வகையினையும் இன்றைய இந்தியப் பல்கலைக்கழகச் சூழலில் அதற்குள்ள இடத்தினையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1665ஆம் ஆண்டில் என்றி ஓல்டன்பர்க் இலண்டனில் ‘பிலசாபிகல் டிரான்சாக்சன்ஸ்’ இதழைத் தொடங்கினார். எதனை வெளியிடுவது என்பதைப் பெரிதும் அவரே முடிவு செய்தார். 1752இல் இராயல் கழகம் இதழின் பொறுப்பை ஏற்று, கட்டுரைக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு வாக்கெடுப்பின்வழிக் கட்டுரைகளைத் தேர்ந்தது. காரணங்காட்டி எழுதும் அறிக்கைமுறை 1830களின் தொடக்கத்தில் வில்லியம் ஹுவெல் முயற்சியால் வந்தது. ஜார்ஜ் ஏரியின் வானியல் கட்டுரையை ஹுவெலும் ஜான் லப்பக்கும் மதிப்பிட்டனர். ஹுவெல் அதன் சிறப்பை எடுத்துரைக்க விரும்பினார். லப்பக் குறைகளைச் சுட்ட விழைந்தார். மதிப்பீட்டாளர் கடமை யாது என்னும் வினா அம்முறையுடன் சேர்ந்தே பிறந்தது எனலாம்.

1936இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்னும் முடிவுடன் ‘பிசிகல் ரிவியூ’ இதழுக்குக் கட்டுரை அனுப்பினர். ஆசிரியர் அதனை வல்லுநர் ஒருவருக்கு அனுப்பவே, ஐன்ஸ்டைன் சினந்து திரும்பப் பெற்றார். பின்னர் அவ்வல்லுநராகிய ராபர்ட்சன், தாம் யாரென உரைக்காமல், ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டுடன் உரையாடிப் பிழையை விளக்கினார். கட்டுரை திருத்தம் பெற்று வேறோர் இதழில் வெளிவந்தது. பெரும்புகழும் பிழைக்குக் காப்பாகாது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

தமிழ் மரபு

தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதைச் சிறப்புப்பாயிரம் கூறும். அவர் எழுப்பிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை பகர்ந்தார் என நச்சினார்க்கினியர் உரைப்பார். இதனை இன்றைய முறையோடு ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. அரங்கேற்றத்தில் மதிப்பிடுவோர் பெயர் வெளிப்படை; இன்றோ அது பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. எனினும் தடையும் விடையும் காரணத்தோடு நிகழ வேண்டும் என்பது இரண்டிற்கும் பொது.

இந்தியச் சூழல்

பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் ‘கேர்’ பட்டியல் நடைமுறைக்கு வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. இதழ்களைத் தேரும் பொறுப்பு உயர்கல்வி நிறுவனங்களையும் ஆய்வாளர்களையும் சார்ந்துள்ளது. பட்டியல், கட்டுரை எங்கு வந்தது என்பதைக் காட்டுமேயன்றி, அதன் கருத்து நிற்குமா என்பதைக் காட்டாது. அவ்வகையில் அது காரணம் கூறாத பழைய வாக்கெடுப்பை ஒத்தது.

முடிவுரை

தமிழாய்வின் உட்பிரிவுகள் பலவற்றில் வல்லுநர் தொகை சிறிது. பெயரை மறைத்தாலும் நடையும் சான்றுகளும் ஆசிரியரைக் காட்டிவிடுதல் கூடும். ஆதலின் பெயர்மறைப்பு ஒன்றே நடுநிலைக்குப் போதாது. பாடவேறுபாடு நோக்கப்பட்டதா, கல்வெட்டு வாசகம் சரியா, முன்னையோர் கருத்து உரியவாறு சுட்டப்பட்டதா என ஒவ்வொன்றையும் காரணத்துடன் எழுதும் அறிக்கையே ஆய்வைக் காக்கும். ஏற்பினும் மறுப்பினும் அவ்வறிக்கை ஆசிரியரைச் சென்றடைதல் வேண்டும். பட்டியல் நீங்கிய இந்நாளில் அக்கடமை நம்முடையதே.