நாகலகம் வீதியில் ஏழு அடி

2025 நவம்பர் கடைசியில், டித்வா புயல் நாட்டைக் கடந்துகொண்டிருந்த இரவுகளில், எங்கட வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. "நாகலகம் வீதி இப்ப எத்தன அடி?" கேட்டவர்கள் பாதிப் பேர் நாகலகம் வீதியைக் கண்ணால பார்க்காதவர்கள். கடுவலையில இருக்கிறவர், வெல்லம்பிட்டியில வாடகைக்கு இருக்கிறவர், மட்டக்குளியில அம்மாவை விட்டுட்டு வெளிநாட்டில வேலை செய்றவர். பதில் ஒரு இலக்கமாக வரும். ஐந்தரை. ஆறேகால். பிறகு ஏழைத் தாண்டிவிட்டது என்று வந்தது. அதுக்குப் பிறகு யாரும் நித்திரை கொள்ளவில்லை.

அந்த இலக்கம் எங்கிருந்து வருகிறது, யாருக்காக முதலில் எண்ணப்பட்டது என்று தேடப் போனதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. எங்களில் ரெண்டு பேர் களனி கங்கையின் அடிவாரத்தில் வளர்ந்தவர்கள், ஒருத்தி அதன் தலைமாட்டில், நோர்வூட்டில். அதனால இதை ஒரு நகரத்துக் கதையாக மட்டும் எழுத எங்களுக்கு வராது.

களனி 145 கிலோமீற்றர் நீளமான ஆறு. சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து இறங்கும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து பெரிதாகி, கித்துல்கல வழியாகப் பாய்ந்து, அவிசாவளையில் சீதாவக்கையையும் வாங்கிக்கொண்டு, மட்டக்குளிப் பக்கமாகக் கடலில் விழுகிறது. மேலே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றர் மழை சாதாரணம். செங்குத்தாக ஓடிவந்த தண்ணீர் அவிசாவளைக்குக் கீழே திடீரென்று சமதரையில் கால் வைக்கிறது. அங்கே அதுக்கு அவசரம் போய்விடும். பரவத் தொடங்கும். கொழும்பின் வெள்ளம் எல்லாம் இந்த ஒரு காரணத்துக்குள் அடங்கிவிடாது, ஆனால் பெரிய வெள்ளங்கள் இப்படித்தான் வருகின்றன.

இந்த ஆற்றின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் ஏழு இடங்களில் பார்த்து அறிவிக்கிறது. நோர்வூட், கித்துல்கல, தெரணியகலை, ஹொலம்புவ, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, கடைசியாக நாகலகம் வீதி. முதல் ஆறும் மீற்றர். கடைசி நிலையத்தில் மட்டும் இன்றைக்கும் அடிக்கணக்கு. 4 அடி வந்தால் எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். பழைய வகைப்பாட்டில் அதுக்கு மேலேயும் ரெண்டு படி உண்டு: 9 அடிக்கு மேல் ஆபத்தான வெள்ளம், 12 அடிக்கு மேல் அதையும் தாண்டிய நெருக்கடி. நாடு முழுக்க மீற்றருக்கு மாறிய பிறகும் இந்த ஒரு பலகை மாறாமல் நிற்கிறதைப் பார்த்து முதலில் சிரித்தோம். பிறகு யோசித்தால், மாற்றாமல் விட்டதே நல்லது. கிராண்ட்பாஸில் ஒரு பெரியவருக்கு "2.13 மீற்றர்" என்று சொன்னால் என்ன விளங்கும்? "ஏழு அடி" என்றால் 2016 கண்முன்னே வரும்.

ஏன் நாகலகம்? அது பழைய துறை. கொழும்பிலிருந்து வடக்கே, கிழக்கே போகிறவன் களனியைக் கடக்க வேண்டிய இடம். கிராண்ட்பாஸ் என்ற பெயரே போர்த்துக்கேயர் இந்தக் கடவையை அழைத்த பெயரிலிருந்து வந்தது. டச்சுக்காரர் அதை நாகலகம் கடவை என்று எழுதினார்கள். ஆங்கிலேயர் 1822இல் படகுகளை வரிசையாகக் கட்டி அதன்மேல் பாலம் போட்டார்கள். கண்டி வீதியும் கோப்பியும் தேயிலையும் அந்தப் படகுப் பாலத்தின் மேலாகத்தான் வந்துபோயின. 1895இல் விக்டோரியா பாலம் திறக்கப்படும் வரைக்கும் அதுதான் வழி. ஆகவே ஆறு இங்கே எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது ஒரு வியாபாரக் கேள்வி. துறைமுகத்துக்குச் சாமான் வருமா, வராதா?

1924இல் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. வெள்ளப் பகுதி எது என்று பிரகடனம் செய்யவும், கட்டுகளைப் பேணவும், அந்தப் பகுதிக்குள் யார் என்ன கட்டலாம் என்று பார்க்கவும் அரசுக்கு அதிகாரம் தந்த சட்டம். அந்தக் காலத்தை ஒட்டித்தான் களனியின் இரு கரையிலும் மண் கட்டுகள் எழுந்தன. ஆறு ஏறினால் ஊருக்குள் வராமல் கால்வாயை மூட நாகலகம் வீதியடியில் நோர்த் லொக் கதவும் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே "பாதுகாக்கப்பட்ட" பகுதி, வெளியே "பாதுகாக்கப்படாத" பகுதி. இவை எங்கட வார்த்தை இல்ல, பொறியியலாளர்கள் இன்றைக்கும் பாவிக்கிற வார்த்தைகள்.

அந்தக் கோட்டை ஒருதரம் நடந்து பார்க்கச் சொல்வோம். கட்டின் மேலே நின்றால் ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் நகரம். ஆனால் ஆற்றுப் பக்கத்திலும் வீடுகள் இருக்கின்றன. தகரம், பலகை, சில இடத்தில் ரெண்டு மாடிச் சீமெந்து வீடு. நகரத்தில் காணி வாங்க வசதியில்லாதவன், துறைமுகத்திலயோ சந்தையிலயோ கூலிக்கு நின்றவன், கட்டு யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களுக்கு வேலை செய்ய வந்தவன், கட்டுக்கு வெளியே குடியேறினான். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்த இடம் அது. வெள்ளம் வந்தால் கட்டுக்கு மேலே ஏறி நிற்பார்கள். கூடாரமும் அங்கேதான், சமைச்ச சாப்பாட்டுப் பார்சலும் அங்கேதான்.

உள்ளே இருக்கிறவர்களுக்கும் கட்டு முழு நிம்மதி தரவில்லை. ஆறு உயரும்போது கதவை மூட வேண்டும். மூடினால் ஊருக்குள் பெய்கிற மழை ஆற்றுக்குப் போக வழியில்லை, பம்ப் போட்டு இறைக்க வேண்டும், அல்லது முகத்துவாரம், வெள்ளவத்தைப் பக்கம் கடலுக்குப் போகும் வாய்க்கால்களை நம்ப வேண்டும். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 493 மில்லிமீற்றர் கொட்டியது. 2010 நவம்பரில் ஒரே இரவில் 400ஐத் தாண்டியபோது பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் போனது. அந்தச் செய்தியை அப்ப எல்லாரும் பகிடியாகப் பகிர்ந்தது ஞாபகம் இருக்கிறது. சதுப்பு நிலத்தை நிரப்பி நிரப்பி நகரம் கட்டினால் ஆறு வராமலேயே வெள்ளம் வரும் என்பதுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2016இல் வெல்லம்பிட்டியில் தண்ணீர் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்ததா, வாய்க்கால் பக்கத்திலிருந்து வந்ததா என்று இப்பவும் தேநீர்க் கடையில் சண்டை பிடிக்கிறார்கள். ரெண்டு கட்சிக்கும் சாட்சி இருக்கிறது.

பெரிய வெள்ளங்களை அடுக்கினால் 1947 ஆகஸ்ட் முதலில் வரும். நாகலகம் வீதியில் 12 அடியைத் தாண்டியது. அதே மாதம்தான் சுதந்திரத்துக்கு முந்திய பொதுத்தேர்தலும் தொடங்கியது. 1989 ஜூனில் 9 அடிக்கு மேல். மலைச்சரிவுகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கானோர் செத்துப்போன மாதம் அது. ஆனால் 1989ஐப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஆற்றில் மிதந்த வேறு பிணங்களைப் பற்றித்தான் கதைப்பார்கள், அந்த வருஷம் அப்படி. எங்களில் ஒருவருடைய அம்மம்மா வீட்டுச் சுவரில் 89 என்று நீலப் பெயின்டில் ஒரு கோடு இருந்தது. 2016 மே மாதத்தில் தண்ணீர் 7 அடியைத் தாண்டியபோது அந்த வீட்டில் புதுக் கோடு பழைய கோட்டுக்கு ஒரு முழம் கீழே விழுந்தது. "இது சின்னது" என்றாராம் அம்மம்மா, கழுத்தளவு சேற்றில் கிடந்த தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே.

ஒரு விஷயத்தை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. ஏழு அடி என்றால் வீதியில் ஏழு அடித் தண்ணீர் என்று அர்த்தம் இல்ல. அந்தப் பலகையின் பூச்சியத்திலிருந்து ஏழு அடி. உங்கட வாசலில் அது முழங்கால் அளவா, கூரை அளவா என்பது நீங்கள் இருக்கிற தரையின் உயரத்தைப் பொறுத்தது. 2025இல் தூரத்து ஊர்க்காரர் சிலர் இதை மாறி விளங்கிக்கொண்டு பதறினார்கள். அதைவிட மோசம், "ஏழு அடியா, நேற்றும் ஐந்து என்றாங்க, ஒன்றும் ஆகல" என்று இருந்துவிட்ட ஆட்கள். இலக்கம் ஒன்றுதான். அதை வீட்டு வாசலுக்கு மொழிபெயர்க்கிற வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

மொழிபெயர்ப்பு என்று வந்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுவோம். அந்த இரவுகளில் ஒரு சிவப்பு அறிவித்தல் எங்கட கைபேசிக்குச் சிங்களத்தில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில். தமிழுக்காகப் பல மணித்தியாலம் காத்திருந்தோம். கடைசியில் நாங்களே உட்கார்ந்து மொழிபெயர்த்து அனுப்பினோம். பிழை விட்டால் ஆள் செத்துப்போகலாம் என்ற பயத்தில் ஒரு வரியை நாலு பேர் பார்த்தோம். தமிழ் 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆறு ஏறும் வேகத்துக்கு அந்த வாசகம் இன்னும் ஏறி வரவில்லை.

இனித் தலைமாட்டுக்குப் போவோம். களனியின் தண்ணீர் பிறக்கும் மலைகளில் மழையை யார் முதலில் ஒழுங்காக அளந்தார்கள் என்று பார்த்தால் விடை தோட்டம். கோப்பி, தேயிலைத் துரைமார் பங்களா முற்றத்திலும் காரியாலய முற்றத்திலும் மழைமானி வைத்தார்கள். காலையில் அதை அளந்து புத்தகத்தில் அங்குலக் கணக்கில் எழுதுவது ஒரு அன்றாட வேலை. மலைநாட்டின் மிகப் பழைய மழைப் பதிவுகள் பல இப்படித் தோட்டங்களிலிருந்து வந்தவைதான். வளிமண்டலவியல் திணைக்களம் இன்றைக்கும் தோட்டத்து மழைமானிகளை நம்புகிறது. கொழுந்துக்கும் உரத்துக்கும் மழைக்கணக்கு வேண்டும், அதனால எழுதினார்கள். மழைமானியிலிருந்து நூறு யார் தள்ளி லயம். லயத்துக்குப் பின்னால மண்மேடு. புத்தகத்தில் எழுதிய அங்குலம் லயத்துக்கு வந்து சேரவில்லை.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இப்ப மண்சரிவுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். 150 மில்லிமீற்றர் என்றால் தோட்டக் கணக்கில் ஆறு அங்குலம். ஆறு அங்குல மழை புத்தகத்தில் பதிந்த நாட்களில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டார்களா என்று நோர்வூட் தோழி தன் அம்மாவிடம் கேட்டாள். "கூப்பிடுவாங்க. கொழுந்து இல்லாட்டி அரைப்பேர்" என்றார் அம்மா. மழையில் வீட்டில் நின்றால் பேர் இல்லை, பேர் இல்லாட்டிச் சம்பளம் இல்லை. வெளியேறு என்ற அறிவித்தல் வந்தாலும் எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. லயம் அவர்கள் பெயரில் இல்லை, வேறு காணியும் இல்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதை எல்லாரும் அறிவோம். அது களனிப் பக்கம் இல்லை, ஊவாவில். ஆனால் இந்தக் கதையை அதைச் சொல்லாமல் முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்திருந்தது. அளந்தாகிவிட்டது, எழுதியாகிவிட்டது, அனுப்பியும் ஆகிவிட்டது. ஆட்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள்.

1960களில் காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் கட்டியபோது ஆற்றின் தலைமாட்டில் இன்னொரு கணக்கும் சேர்ந்தது. மவுஸ்ஸாகலைக்குள் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கோடையில் நீர் இறங்கினால் பழைய கோயிலின் இடிபாடு தலை காட்டும், பார்க்க ஆட்கள் பஸ் பிடித்துப் போவார்கள். அணைகள் மின்சாரத்துக்காக. ஆனால் வான்கதவு எப்ப திறப்பார்கள் என்பது கீழே இருக்கிறவனுக்கு உயிர்ப் பிரச்சினை. எங்கட குழுவில் "நாகலகம் எத்தன அடி" என்ற கேள்விக்கு முன்னால் வருகிற கேள்வி இப்ப அதுதான்.

இந்தத் தகவலும் பாதி நாள் எங்களுக்கு வருவது தொலைபேசியில்தான். நோர்வூட்டிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ யாராவது ஒரு மாமா, ஒரு சித்தி, கிராண்ட்பாஸில் கடையில் நிற்கிற மகனுக்கு எடுப்பார். கொழும்பில் வேலை செய்ய வந்த மலையகப் பிள்ளைகளுக்கு அந்த அழைப்பு பழக்கம். நவம்பர் 28ஆம் திகதி இரவு எங்கட தோழிக்கும் வந்தது. மின்சாரம் இல்லை, கைபேசியில் பற்றரி முடியப் போகிறது, அம்மா நாலு வசனம்தான் கதைத்தார். "இங்க விடவே இல்ல. ஆறு சிவப்பா ஓடுது. நாங்க பள்ளிக்கூடத்துக்குப் போறோம். தண்ணி உங்களுக்குத்தான் வருது, அந்த வெல்லம்பிட்டிப் பிள்ளைகிட்ட சொல்லு."

சொன்னோம். அவள் தையல் மெஷினை மேல் மாடிக்கு ஏற்றினாள்.